வற்றம் பார்த்து ஒரு கடிதம்

நியூ ஜெர்சி
ஏப்ரல் 9

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருப்பதாக எழுதியிருந்தாய், நிம்மதியாக இருந்தது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் ஸ்ட்ரைப்பர். ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் இங்கே விரிகுடாவிலும் ஆற்றிலும் அந்த மீனைப் பிடிக்கக் கூடாது. மார்ச் 1-ஆம் தேதி தடை விலகியதிலிருந்து, ஓய்வு கிடைத்த மாலையெல்லாம் ராரிட்டன் விரிகுடாக் கரையில்தான் இருந்தேன்.

ஸ்ட்ரைப்டு பாஸ் என்பது முழுப்பெயர். நம் கொடுவாயைப் போல வெள்ளி உடம்பு. விலாவில் தலை முதல் வால்வரை ஏழெட்டுக் கறுப்புக் கோடுகள். கடலில் வளர்ந்து, முட்டையிட நன்னீருக்கு ஏறும். ஹட்சன் ஆற்றில் ஏறப்போகும் கூட்டம் இந்த விரிகுடாவில் சில வாரம் தங்கி இரை தின்னும். அந்தச் சில வாரங்களுக்காகத்தான் குளிர்காலம் முழுவதும் காத்திருக்கிறேன்.

மார்ச்சில் தண்ணீர் எலும்பைக் கடிக்கும். ஆழத்தில் தூண்டில் போட்டால் பொழுதுதான் போகும். மீன் இருப்பது கறுப்புச் சேறு படிந்த ஆழமில்லாத இடத்தில். பகல் வெயிலில் அந்தச் சேறு சூடேறும். பிற்பகலில் நீர் வற்றத் தொடங்கும்போது வெதுவெதுப்பான தண்ணீர் ஓடை வாய் வழியாக வெளியேறும். அந்த வாயில் வந்து நிற்கும் மீன். இரண்டு டிகிரி வித்தியாசம் போதும், கடி விழுந்துவிடும். வற்றம், அதாவது நீர் இறங்கும் நேரம், பார்க்காமல் தூண்டிலை எடுக்காதே என்று உன் தாத்தா நம்மைத் திட்டுவாரே, அவர் சொன்னது அட்லாண்டிக்கிலும் அப்படியே பொருந்துகிறது.

இரைக்கு மட்டிச் சதை, அல்லது ரத்தப்புழு. இந்தப் புழு பெரும்பாலும் மெய்ன் மாநிலத்துச் சேற்றில் தோண்டி எடுத்து வருவது. நான்கு பல்லும் உண்டு, விரலைக் கடித்தால் சுருக்கென்று இருக்கும். இரை கோப்பதென்றால் முனை உள்நோக்கி வளைந்த வட்டமுள்தான் மாட்ட வேண்டும், 2021 முதல் அதுதான் சட்டம். சாதாரண முள்ளை மீன் குடல்வரை விழுங்கிவிடும். வட்டமுள் வாயோரத்தில் மாட்டும், விடுவிப்பது எளிது.

போன சனிக்கிழமை, வெளிச்சம் மங்கும் நேரம். தங்கூசி, அதுதான் தூண்டில் நரம்பு, மெல்ல நகர்ந்தது, பிறகு கனத்தது. இருபது நிமிடம் இழுபறி. முழங்கால் நீருக்குக் கொண்டுவந்து அளந்தேன்: 41 அங்குலம். வயிறு பருத்த பெண் மீன். இங்கே ஒருவர் நாளுக்கு ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம், அதுவும் 28 முதல் 31 அங்குலத்துக்குள். 2023-இல் மேல் அளவை இப்படிக் குறைத்தார்கள். அது சரியென்றே நினைக்கிறேன். இவ்வளவு பெரிய தாய்மீன் ஒரே பருவத்தில் பல லட்சம் முட்டை இடும். அந்த முட்டை ஆற்றோட்டத்தில் மிதந்தபடியே பொரிய வேண்டும். ஓட்டம் நின்றால் அடியில் படிந்து மூச்சடைத்துப் போகும். இந்தக் கரையோரத்து ஸ்ட்ரைப்பரில் பெரும்பகுதி பிறப்பது தெற்கே மேரிலாந்து மாநிலத்தை ஒட்டிய செசபீக் விரிகுடாவில். அங்கே 2019 முதல் குஞ்சுகள் வருடாவருடம் குறைவாகவே தென்படுகின்றன. 1985-இல் மேரிலாந்து ஐந்து வருடம் முழுத்தடை போட்டுத்தான் இந்த இனத்தை மீட்டது. மறுபடி அந்த நிலைக்குப் போவதைப் பார்க்க எனக்கு மனமில்லை.

இன்னொன்று சொன்னால் ஆச்சரியப்படுவாய். 1879-இல் இங்கே பக்கத்து நேவசிங்க் ஆற்றிலிருந்து 132 சிறு மீன்களை ரயிலில் ஏற்றிக் கலிபோர்னியா கொண்டுபோய் விட்டார்கள். அந்தக் கரையில் இன்று இந்த மீன் இருப்பது அப்படித்தான்.

சரி, சனிக்கிழமை மீனுக்கு வருகிறேன். அதை விட்டுவிட, கையை நனைத்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கிப் பிடித்து, தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்துக் காத்திருந்தேன். செவுள் இரண்டு மூன்று முறை விரிந்தது. வாலை ஓர் உதறு உதறி, என் முகமெல்லாம் தண்ணீர் தெறிக்கப் போய்விட்டாள். விரல் விறைத்துக் காரைத் திறக்கவே முடியவில்லை.

உங்களுக்கு 15-ஆம் தேதி தடைக்காலம் தொடங்குகிறதே. விசைப்படகு கட்டிக் கிடக்கும் அந்த 61 நாளும் என்ன செய்யப்போகிறாய்? வலை பின்னுகிறாயா, பாலத்தடியில் தூண்டிலோடு உட்காருகிறாயா? கொடுவாய் கிடைத்தால் எவ்வளவு நீளம் என்று அளந்து எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி