தீர்த்தமும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மனநோயும் கோயில் வழிபாடும் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மனநோயாளிகளைக் கோயிலில் தங்க வைப்பது மூடநம்பிக்கை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். என் தம்பி அப்படி எங்கள் ஊர்ப் பக்கத்துக் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கியவன். அதனால்தான் எழுதுகிறேன்.

1996-இல் அவனுக்கு 23 வயது. காதுக்குள் யாரோ திட்டுகிறார்கள் என்பான், ராத்திரி முழுக்கத் திண்ணையில் நடப்பான். செய்வினை என்றார்கள் ஊரில். மனநல டாக்டரிடம் காட்டினோம். மாத்திரையில் சத்தம் குறைந்தது, ஆனால் கை நடுங்கியது, எச்சில் வடிந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் அம்மா அவனைப் பெருமாளிடம் அழைத்துப் போனார்.

48 நாள் இருவரும் அங்கேயே இருந்தார்கள். காவிரியில் குளியல், வேளைக்குச் சாப்பாடு, உச்சிக்காலத்திலும் அர்த்தஜாமத்திலும் முகத்தில் தெளிக்கும் தீர்த்தம். எங்கள் தெருவில் பிள்ளைகள் அவன் மேல் கல்லெறிந்தார்கள். அங்கே ஒருவர்கூட அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதே கஷ்டத்தோடு வந்திருந்த மற்ற அம்மாக்களோடு உட்கார்ந்து என் அம்மா வாய்விட்டு அழுதார். இரண்டு வருஷமாக யாரிடமும் அழ முடியாமல் இருந்தவர். தம்பி நன்றாகத் தூங்கினான். இதை மூடநம்பிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

தப்பு அதற்கப்புறம் நடந்தது. "சாமியை நம்பின பிறகு மாத்திரை எதுக்கு?" என்றார் ஒரு உறவினர். கோயிலில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. நாங்கள்தான் அந்தப் பேச்சைக் கேட்டு நிறுத்தினோம். நாலே மாதத்தில் நோய் முன்னைவிட மோசமாகத் திரும்பியது. வீட்டைவிட்டு ஓடியவனைப் பதினொரு நாள் கழித்துக் கரூர் பஸ் ஸ்டாண்டில் கண்டுபிடித்தோம். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார், நடுக்கமும் குறைந்தது. இன்று அவன் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறான். இரவு மாத்திரையை விடுவதில்லை, சனிக்கிழமை பெருமாளையும் விடுவதில்லை.

கோயில் தரும் ஆறுதலை டாக்டர்களே அளந்து பார்த்திருக்கிறார்கள். தமிழ்நாட்டின் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 பேரைப் பற்றிய ஆய்வு 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களுக்கு, மருந்தே இல்லாமல், நோய்க்குறிகளின் அளவு கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பயமுறுத்தாத, அரவணைக்கிற இடம் என்பதை ஒரு முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். மீதி நாலு பங்கு அப்படியேதான் இருந்தது என்பதையும் நாம் மறக்கக் கூடாது. மருந்து தேவைப்படுவது அதற்குத்தான்.

ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். அவர்களைக் கொன்றது பக்தி என்று நான் நினைக்கவில்லை. சங்கிலியும், எட்டிப் பார்க்க ஒரு டாக்டரோ அதிகாரியோ இல்லாத நிலைமையும்தான் கொன்றன. சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலச் சட்டம் அடியோடு தடை செய்துவிட்டது. அதே ஏர்வாடியில் பின்னர் தர்காவின் துவாவோடு (பிரார்த்தனையோடு) மருந்தும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. குணசீலத்திலும் கோயிலை ஒட்டியே உரிமம் பெற்ற மறுவாழ்வு மையம் வந்து, மனநல டாக்டர் வந்து பார்க்கிறார்.

இதைத்தான் எல்லா இடத்துக்கும் கேட்கிறேன். எங்கள் பக்கத்தில் மனசு சரியில்லை என்றால் முதலில் போவது கோயிலுக்கோ தர்காவுக்கோ மாதா கோயிலுக்கோதான். டாக்டர் அங்கே வரட்டும். வாரத்தில் ஒரு நாள், பிரகாரத்து ஓரத்தில் ஒரு மேசை போதும். பூசாரி, "சாமியைக் கும்பிடு, மாத்திரையையும் போடு" என்று ஒரு வார்த்தை சொன்னால் எங்களைப் போன்ற குடும்பங்கள் கேட்கும். எங்களுக்கு அன்று அதைச் சொல்ல ஆளில்லை.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். வெள்ளிக்கிழமை ஆன்மிகப் பக்கத்தில் கோயில் நடை திறக்கும் நேரம் போடுகிறீர்கள். அதன் கீழேயே 14416 என்ற எண்ணையும் போடுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் அது, இரவிலும் எடுப்பார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
முசிறி