சாம்பல் மூடிக் குழாயை நம்பி ரத்தத்தைக் காக்க வைக்காதீர்கள்

மருத்துவ ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை (குளுக்கோஸ்) பரிசோதனைக்காக எடுத்த ரத்தம் குழாய்க்கு வந்த பிறகும் அதன் அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. சிவப்பணுவுக்கு ஆக்சிஜன் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா கிடையாது. குளுக்கோஸைச் சிதைத்துத்தான் அது பிழைக்க வேண்டும். இந்தச் சிதைவைத் தடுக்கும் பொருள் இல்லாத குழாயில், அறை வெப்பநிலையில், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸ் குறைகிறது. வெள்ளையணுக்கள் மிகுந்த ரத்தத்தில் இன்னும் வேகம். வெறும் வயிற்றில் ஒரு டெசிலிட்டருக்கு 130 மி.கி. குளுக்கோஸ் இருந்தவருக்கு இரண்டு மணி நேரம் கழித்து 115 அளவில்தான் காட்டும். நீரிழிவுக்கான எல்லை 126. நோய் இருப்பவர் இல்லை என்ற அறிக்கையோடு வீடு திரும்புகிறார்.

சாம்பல் மூடி கொண்ட ஃபுளூரைடு குழாயில் எடுத்தால் கவலையில்லை என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது பாதிதான் சரி. ஃபுளூரைடு தடுப்பது எனொலேஸ் நொதியை. குளுக்கோஸைச் சிதைக்கும் கிளைக்காலிசிஸின் பத்துப் படிகளில் அது வேலை செய்வது ஒன்பதாவதில். முதல் படியில் ஹெக்ஸோகைனேஸ் என்ற நொதி தன் பாட்டுக்குக் குளுக்கோஸை இழுத்துக்கொண்டே இருக்கும். அணுக்களில் ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி வற்றிய பிறகுதான் அது ஓயும். ஆகவே முதல் ஓரிரு மணி நேர இழப்பு, ஃபுளூரைடு இல்லாத குழாயில் நடப்பதற்கு ஏறக்குறைய ஈடானது. அதற்குப் பிறகு இழப்பு படிப்படியாக ஓய்ந்து அளவு மாறாமல் நிற்கும், ஆனால் ஏற்கெனவே குறைந்துபோன அளவில்.

இதற்குச் சரியான மருந்து அமிலம். சிட்ரிக் அமிலமும் சிட்ரேட்டும் ஃபுளூரைடோடு சேர்ந்த குழாய்களில் பிஎச் உடனே இறங்கி ரத்தம் அமிலத்தன்மை அடைவதால், ஹெக்ஸோகைனேஸும் மூன்றாம் படி நொதியான பாஸ்ஃபோபிரக்டோகைனேஸும் அப்போதே முடங்குகின்றன. குழாயில் உள்ள இந்தச் சேர்மானம் தூளாக இருந்தால் குறைந்தது பத்து முறை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். கலக்காத குழாயால் பயனில்லை. திரவமாக இருந்தால் குறியிட்ட அளவுவரை ரத்தம் நிரப்பி, நீர்த்தலுக்கான திருத்தத்தையும் போட வேண்டும். உறைதல் பரிசோதனைக்கான நீலமூடி சிட்ரேட் குழாயை இதற்கு மாற்றாக எடுக்காதீர்கள், அதில் இந்த அமிலத்தன்மை இல்லை.

அமிலக் குழாய் கிடைக்காவிட்டால், எடுத்த கையோடு பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து, 30 நிமிடத்துக்குள் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, அணுக்களிலிருந்து ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்துவிடுங்கள்.

அமிலக் குழாய்க்கு மாறினால் முடிவுகள் முன்பைவிடச் சற்று உயரும், எல்லையைத் தாண்டுவோர் கூடுவார்கள். மருத்துவர்களுக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள். ரத்தம் எடுத்த நேரம், பிளாஸ்மா பிரித்த நேரம் இரண்டையும் ஒவ்வொரு அறிக்கையிலும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உயிர்வேதியியல் துறையினர்