கழுவி வைத்த காய் மூன்று நாள் தாங்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2021 மே 24 முதல் தமிழ்நாட்டில் கொரோனாவுக்காகத் தளர்வில்லா முழு ஊரடங்கு போட்டார்கள். காய்கறிக் கடைகள் திறக்கவில்லை. தோட்டக்கலைத் துறையும் உள்ளாட்சிகளும் ஏற்பாடு செய்த வண்டி தெருவுக்கு வந்தால்தான் காய். இது ஜூன் 7 வரை நீட்டிக்கப்பட்டது. ஊரடங்கு தொடங்குவதற்கு முந்தைய சனி, ஞாயிறு இரண்டு நாளும் கடைகள் திறந்திருந்தபோது பை பையாக வாங்கிக் குவித்த வீடுகள் பலவற்றில் புதன்கிழமையே கொத்தமல்லி அழுகி, வெண்டைக்காய் வழவழத்துவிட்டது. வண்டிக்காரர் குரல் கேட்டதும் மறுபடி ஓடிப்போய்த் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். வாரத்துக்கு ஒருமுறை வெளியே வந்தால் போதும் என்றிருக்க வேண்டியது, மூன்று நாளைக்கு ஒருமுறை ஆகிவிட்டது.

இவ்வளவு சீக்கிரம் கெட என்ன காரணம் என்று பார்த்தால், வாங்கி வந்த கையோடு மொத்தக் காயையும் மஞ்சள்தூள் கரைத்த உப்புத் தண்ணீரில் போட்டு அலசி, ஈரம் சொட்டச் சொட்டப் பிரிட்ஜில் அடைத்தார்கள். காய்க்கு ஈரம்தான் எமன். இலையின் மடிப்பிலும் காம்புக் குழியிலும் தங்கும் நீரில் பூஞ்சையும் அழுகல் கிருமியும் பிடிக்கும். பாலித்தீன் பையில் முடிச்சுப் போட்டுவிட்டால் அந்த ஈரம் போக வழியே இல்லை.

காயில் கொரோனா ஒட்டியிருக்குமோ என்ற பயம் நியாயமானது, மறுக்கவில்லை. ஆனால் கொரோனா வைரஸ் கத்தரிக்காயின் மேல் பெருகாது. அதற்கு உயிருள்ள செல் வேண்டும். வைரஸ் படிந்த பொருளைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு ஒவ்வொரு தொடுதலுக்கும் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு அமைப்பான சி.டி.சி. 2021 ஏப்ரலில் கூறியது. ஆபத்து இருப்பது வண்டியைச் சுற்றி நிற்கும் கூட்டத்தின் மூச்சில். காயை எடுத்து வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவினால் போதும். காயைச் சமைக்கப் போகும்போது, நறுக்குவதற்கு முன், குழாய்த் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள்.

சோப்பு, டிடர்ஜென்ட், கிருமிநாசினி எதையும் காய் கனிகளில் போடக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமே சொல்லியிருக்கிறது. சோப்பு தோல் வழியாகவும் காம்பு வழியாகவும் உள்ளே இறங்கும்; பிறகு எவ்வளவு அலசினாலும் முழுதாகப் போகாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான் மிச்சம். சானிடைசரை அடுப்படியில் காயின் மேல் தெளிப்பது அதைவிட மோசம். அது எரிசாராயம், பக்கத்தில் அடுப்பு எரிந்தால் குப்பென்று பற்றும். பால் பாக்கெட்டுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. மூடி ஒட்டியிருப்பதால் வெளிப்புறத்தைச் சோப்புப் போட்டே கழுவலாம், கிழிசல் இல்லையா என்று பார்த்துக்கொண்டு. கீரையை மட்டும் அகலமான பாத்திரத்தில் அலச வேண்டும். மூன்று தண்ணீர் மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் கீரையைக் கையால் அள்ளி வெளியே எடுத்த பிறகே தண்ணீரைக் கொட்ட வேண்டும். கீரையோடு சாய்த்தால் அடியில் படிந்த மண் திரும்ப அதன் மேலேயே ஏறும்.

இனி வைக்கும் முறை. கொத்தமல்லியின் வேரை நறுக்கி, பழுத்த இலையையும் அழுகிய தண்டையும் பொறுக்கி எறிந்துவிட்டு, மின்விசிறிக்கடியில் பழைய வேட்டியில் அரைமணி நேரம் பரப்புங்கள். தொட்டால் விரலில் ஈரம் ஒட்டக்கூடாது. அதே சமயம் இலை துவளவும் விடக்கூடாது. பிறகு செய்தித்தாளில் தளர்வாகச் சுற்றி டப்பாவில் வைத்தால் ஒரு வாரம் பத்து நாள் பச்சென்று இருக்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை தாளைத் தொட்டுப் பாருங்கள், ஈரமாக இருந்தால் மாற்றிவிடுங்கள். புதினாவுக்கும் இதேதான். கறிவேப்பிலையை உருவி உலர்த்தி டப்பாவில் போட்டால் இன்னும் நீடிக்கும். பச்சைமிளகாய் அழுகுவது காம்பில் ஆரம்பிக்கும். காம்பைக் கிள்ளிவிட்டு வையுங்கள், ஒன்று அழுகியிருந்தாலும் உடனே எடுத்துப் போடுங்கள்.

தக்காளியைப் பாதிப் பழமாகவும் பாதி செங்காயாகவும் வாங்குவது நல்லது. செங்காயைப் பிரிட்ஜில் வைக்காமல், தட்டில் ஒரே அடுக்காக, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி அடுக்குங்கள். நசுங்கின பழம் ஒரு கிலோ சேர்ந்துவிட்டால் தொக்காக்கிவிடலாம்: தண்ணீர் ஊற்றாமல், நாலு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் உப்பும் மிளகாய்த்தூளும் சேர்த்து, எண்ணெய் பிரியும்வரை சுருளக் கிளறி ஆறவிட்டுக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து வையுங்கள். ஈரக் கரண்டி படாமல் இருந்தால் பிரிட்ஜில் பத்து நாள் தாங்கும்.

வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள். இரண்டும் சீக்கிரம் முளைவிடும். உருளை இருட்டில் இருக்க வேண்டும், பச்சை நிறம் ஏறினால் சாப்பிட உகந்ததல்ல. சின்ன வெங்காயத்துக்கு முறத்தில் பரப்பிக் காற்றாட விடுவதைவிட நல்ல வழி இல்லை. வாழைக்காயைத் தண்ணீரில் மூழ்க வைத்துத் தினமும் தண்ணீர் மாற்றினால் பழுக்காமல் நாலைந்து நாள் நிற்கும். தேங்காய்க்குக் குடுமியை விட்டுவையுங்கள். உடைத்தால் கண் உள்ள மூடியை முதலில் செலவழியுங்கள், கெடுவது அதுதான் முதலில்.

சமைக்கும் வரிசையும் முக்கியம். முதல் இரண்டு நாள் கீரை, வெண்டை. அடுத்து கத்தரி, அவரை, புடலை. பிறகு கோஸ், காரட், பீட்ரூட். கடைசிக்குப் பூசணி, சேனை, சேப்பங்கிழங்கு. பலர் முதல் நாளிலேயே காரட்டைச் செலவழித்துவிட்டு, வாடின வெண்டையைப் பார்த்து வருத்தப்படுகிறார்கள்.

அந்த ஊரடங்கில் மளிகைக்குப் போனில் சொல்லலாம் என்று அனுமதித்திருந்தார்கள். "உளுந்து ஒரு கிலோ" என்று மட்டும் சொன்னால் கறுப்பு உளுந்து வந்து சேரும். முழு வெள்ளையா, உடைத்ததா, எத்தனை கிராம், அது இல்லாவிட்டால் எது என்று பேப்பரில் எழுதி வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்புங்கள். கடைக்காரருக்கும் இரண்டாம் நடை மிச்சம்.

தோட்டக்கலைத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். இப்படி வண்டி விடும்போது, அது எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு வரும் என்று முதல்நாளே அறிவித்தால் ஓடிவரும் கூட்டம் குறையும். விலைப் பலகை வண்டியின் பக்கவாட்டில், பத்தடி தள்ளி நின்றாலும் படிக்கிற எழுத்தில் இருக்கட்டும். அப்போது விலை கேட்கவே ஒவ்வொருவரும் நெருங்கி வந்து முகக்கவசத்தை இறக்கினார்கள். மக்களும் காயை அமுக்கிப் பார்த்துப் பொறுக்குவதை ஊரடங்கு நாளிலாவது நிறுத்தி, வேண்டியதைச் சொல்லி வாங்கிக்கொண்டு நகர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி, தஞ்சாவூர்