உயரமான பிள்ளையை வளையத்துக்கு அடியிலேயே நிறுத்திவிடாதீர்கள்: பள்ளிக் கூடைப்பந்துப் பயிற்றுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கூடைப்பந்து கற்றுக்கொடுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் வணக்கம்.

குறுவட்டப் போட்டிகள் நெருங்கும்போது, அணியைத் தேர்ந்தெடுத்த கையோடு நம்மில் பலரும் செய்கிற முதல் வேலை, நமக்குத் தெரிந்த ஆட்டமுறையைப் பலகையில் வரைந்து, இருக்கிற பிள்ளைகளை அந்தப் படத்துக்குள் நிறுத்துவதுதான். அந்தப் படமும் பெரும்பாலும் நாம் ஆடிய காலத்தில் நம் பயிற்றுநர் நமக்கு வரைந்து காட்டியதாகவே இருக்கிறது. இந்த வரிசையை மாற்றி, முதலில் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அதன் பிறகே ஆட்டமுறையை வகுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். என் அணியில் பத்தாம் வகுப்புப் படித்த ஒரு பெண் மற்ற எல்லாரையும்விட ஒரு தலை உயரம். உயரமாக இருந்ததாலேயே அவளை வளையத்துக்கு முதுகைக் காட்டி இடப்பக்கம் நிற்கவைத்து, பந்து வந்ததும் திரும்பிப் போடச் சொன்னேன். பந்து வரும், எதிரணியில் இருவர் அவளை நெருக்குவார்கள், அவள் உடனே மூலையில் தனியாக நிற்கும் தோழியைத் தேடிப் பந்தைக் கொடுத்துவிடுவாள். ஒவ்வொரு முறையும் கோட்டுக்கு வெளியிலிருந்து “நீயே போடு” என்று நான் கத்தினேன். பயிற்சி இடைவேளையில் அதே பெண் வளையத்துக்கு நேர் எதிரே இருக்கும் ஃப்ரீ த்ரோ கோட்டருகே நின்றுகொண்டு, வெட்டி ஓடும் தோழிகளின் கைக்குச் சரியாகப் போய்ச் சேரும்படி பந்தைத் தரையில் ஒருமுறை தட்டி அனுப்பிக்கொண்டிருந்ததைப் பல நாள் பார்த்தும், அதுதான் அவளுடைய ஆட்டம் என்பது எனக்கு உறைக்கவில்லை. அந்த ஆண்டு நாங்கள் முதல் சுற்றிலேயே வெளியேறினோம்.

பின்னாளில் நிக்கோலா யோக்கிச்சின் ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கியபோதுதான் நான் எதைத் தவறவிட்டேன் என்பது விளங்கியது. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில், அணிகள் புதிய வீரர்களை வரிசையாக எடுக்கும் 2014ஆம் ஆண்டுத் தேர்வில் 41ஆவதாக எடுக்கப்பட்ட செர்பியர் அவர், 2.11 மீட்டர் உயரம் இருந்தும் துள்ளலோ வேகமோ பெரிதாக இல்லாதவர். டென்வர் அணியின் அப்போதைய பயிற்றுநர் மைக்கேல் மலோன் முதலில் அவரை யூசுப் நூர்கிச் என்ற மற்றொரு சென்டரோடு (வளையத்தருகே ஆடும் உயரமான வீரர்) சேர்த்து ஆடவைத்தார். வளையத்தின் அடியில் இருவருக்கு இடமில்லாததால் அது எடுபடவில்லை. 2016 டிசம்பர் 15 அன்று அவர் யோக்கிச்சை ஒரே சென்டராகத் தொடக்க ஐவரில் இறக்கினார்; அதற்குப் பின் அணியின் தாக்குதல் ஆட்டம் முழுவதும் யோக்கிச்சின் பாஸ் கொடுக்கும் திறனைச் சுற்றியே கட்டப்பட்டது. யோக்கிச் ஃப்ரீ த்ரோ கோட்டின் முனையில் பந்தோடு நிற்க, மற்ற நால்வரும் அவரைச் சுற்றி ஓடுகிறார்கள். தன்னைக் காப்பவர் ஒரு கணம் பந்தைத் திரும்பிப் பார்த்தால் போதும், ஒருவர் வளையத்தை நோக்கி வெட்டி ஓடுகிறார், பந்து அங்கே வந்துவிடுகிறது. 2022-23 பருவத்தில் யோக்கிச் ஆட்டத்துக்குச் சராசரியாக 9.8 அசிஸ்ட் (தோழர் புள்ளி எடுக்க வழிசெய்யும் பாஸ்) கொடுத்தார். டென்வர் தன் முதல் சாம்பியன் பட்டத்தை வென்றதும் அந்தப் பருவத்தில்தான்.

அதே அணியில் ஆரோன் கார்டனையும் கவனியுங்கள். முன்பு ஆர்லாண்டோ அணியில் பந்தைக் கையில் வைத்துத் தானே புள்ளி உருவாக்கும் பொறுப்பைச் சுமந்த அவர், 2021இல் டென்வருக்கு வந்த பிறகு பெரும்பாலும் எல்லைக்கோட்டை ஒட்டி வளையத்தருகே காத்திருந்து, பாஸ் வந்த கணத்தில் எழும்பி முடிக்கிறவராக மாறினார். அவருடைய துள்ளலும் உடல் வலுவும் முழுமையாகப் பயன்பட்டது அங்கேதான்.

ஆட்களை மாற்றாமலே இது நடக்கும் என்பதற்குக் கோல்டன் ஸ்டேட் அணி சாட்சி. 2013-14 பருவத்தில் 51 ஆட்டங்களை வென்ற அந்த அணிதான் என்பிஏவிலேயே மிகக் குறைவாகப் பாஸ் செய்த அணி. ஏறத்தாழ அதே வீரர்களோடு புதிய பயிற்றுநராகப் பொறுப்பேற்ற ஸ்டீவ் கெர், ஆட்டத்துக்கு 300 பாஸ் என்ற இலக்கை வைத்தார். பந்தைக் கொடுத்த பிறகும் நிற்காமல் ஸ்கிரீன்களை (காப்பவரை மறித்து நிற்கும் சக வீரர்களை) சுற்றி ஓடுகிற ஸ்டெஃபன் கரியின் இயல்பும், ஆண்ட்ரூ போகட், டிரேமண்ட் கிரீன் ஆகிய இருவரும் பாஸ் கொடுக்கும் அழகும் அதனால் வெளிப்பட்டன. அடுத்த பருவத்தில் அவர்கள் 67 ஆட்டங்களை வென்று பட்டத்தையும் பெற்றார்கள். முந்தைய பயிற்றுநர் மார்க் ஜாக்சன் கட்டியெழுப்பிய தடுப்பாட்டமும் அதற்கு அடித்தளமாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதற்கு மாறான அனுபவமும் உண்டு. பில் ஜாக்சனுக்குப் பயிற்றுநராக 11 பட்டங்களைத் தந்த, மூவர் முக்கோணமாக நின்று பந்தைப் பரிமாறும் முக்கோண ஆட்டமுறை, அவர் நிர்வாகத்துக்கு வந்த நியூயார்க் அணியில் 2014-15 பருவத்தில் 17 வெற்றிகளோடு நின்றது. அந்த அணியின் முதன்மை வீரர் கார்மெலோ ஆண்டனி பாதிப் பருவம் காயத்தால் ஆடவில்லை என்பதால் முழுப் பழியையும் முறையின்மேல் போடுவது நியாயமன்று. ஆயினும் ஓரிடத்தில் வென்றது என்பதற்காக வேறோர் அணிக்கும் அது பொருந்திவிடாது.

“பிள்ளைகள் எல்லாத் திறனையும் கற்க வேண்டாமா?” என்று நீங்கள் கேட்கலாம். கட்டாயம் கற்க வேண்டும். உயரமானவனும் பந்தைத் தட்டிக்கொண்டே ஓடப் பழக வேண்டும், குள்ளமானவளும் வளையத்தருகே முதுகைக் காட்டி ஆடும் காலசைவு பழக வேண்டும், அதற்குப் பயிற்சி நேரம் இருக்கிறது. ஆனால் 24 நொடிக்குள் ஒரு முடிவெடுத்தாக வேண்டிய போட்டியில், இன்று அவர்களால் எது முடியுமோ அதை முதலில் கேட்பதே முறை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அணி அமைந்ததும் முதல் இரண்டு வாரம் பலகையைத் தொடாமல், மூவருக்கு மூவர் ஆடவிட்டு, ஒரு நோட்டோடு ஓரத்தில் உட்காருங்கள். யார் நின்று வாங்கிப் போட்டால் விழுகிறது, யார் ஓடிவந்து போட்டால் விழுகிறது, இருவர் நெருக்கும்போது யாருடைய கண் வெளியே தேடுகிறது என்பதையெல்லாம் பெயர்பெயராக எழுதுங்கள். உயரமானவர்களே இல்லையென்றால் ஐவரையும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே விரித்து நடுவைக் காலியாக்கலாம். தூரத்திலிருந்து போடுபவர்கள் இல்லையென்றால் வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை (ரீபவுண்ட்) எடுத்ததும் ஓடுகிற வேக ஆட்டத்தை நம்பலாம். எதை எடுப்பது என்பதை அந்த நோட்டு சொல்லும்.

அந்தப் பெண்ணை அடுத்த ஆண்டு நான் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு மாற்றினேன். முதல் ஆட்டத்தில் அவள் போட்ட புள்ளிகள் குறைவுதான். ஆனால் அவளிடமிருந்து பந்து வாங்கி நான்கு பேர் வளையத்தருகே ஓடிவந்து லே-அப் போட்டார்கள். அடுத்த குறுவட்டப் போட்டிக்கு வரும்போது உங்கள் நோட்டையும் கொண்டுவாருங்கள், ஆட்டம் முடிந்தபின் உட்கார்ந்து பேசுவோம், என்னுடையதையும் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவனான ஒரு பள்ளிக் கூடைப்பந்துப் பயிற்றுநர்