பொதுக் கையிருப்பில் போட்ட காபியும் கம்யூனிசமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இரண்டு வாரமாக உங்கள் கடிதப் பகுதியில் ஒரு சண்டை ஓடுகிறது. சேலத்துக்காரர் ஒருவர் ரேஷன் கடை, அரசு பஸ், சேலம் உருக்காலை எல்லாவற்றையும் கம்யூனிசம் என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார். பதில் எழுதியவரோ, ரஷ்யாவிலும் சீனாவிலும் பட்டினிச் சாவே நடக்கவில்லை, எல்லாம் அமெரிக்கா கட்டிவிட்ட கதை என்கிறார். நான் ஏற்காட்டில் ஆறு ஏக்கர் காபி வைத்திருப்பவன். டெல்லியில் கம்யூனிஸ்டுகள் தலைமையில் ஒருநாள்கூட ஆட்சி நடந்ததில்லை. ஆனாலும் எங்கள் காபி ஐம்பது வருடத்துக்கு மேல் எங்களுடையதாக இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

யுத்தத்தில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டுப் போய் காபி தேங்கியது. தோட்டக்காரர்களைக் காப்பாற்ற 1942-ல் வெள்ளைக்காரர் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. விளைந்த காபி முழுவதையும் காபி வாரியத்தின் பொதுக் கையிருப்பில் சேர்த்துவிட வேண்டும். வீட்டில் குடிக்கவும் விதைக்கும் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அன்றைக்கு அது நல்ல காரியம், இல்லையென்று சொல்ல மாட்டேன். யுத்தம் 1945-ல் முடிந்துவிட்டது, சட்டம் மட்டும் முடியவில்லை.

எங்கள் தோட்டத்தில் நிழலுக்கு சில்வர் ஓக் மரம், மரத்தில் மிளகுக்கொடி, மரத்தடியில் காபிச் செடி. அந்த மிளகைப் பறித்துக் காயவைத்து மூட்டை கட்டி, பஸ் மேலே போட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, செவ்வாய்ப்பேட்டையில் எந்தக் கடை நல்ல விலை சொல்கிறதோ அங்கே கொடுத்துவிட்டு, சாயங்காலம் பணத்தோடு அப்பா வீட்டுக்கு வந்துவிடுவார். அதே மரத்தடியில் விளைந்த காபியை அப்படிக் கொண்டுபோய் விற்றால் குற்றம். ஒரே மண், ஒரே மழை, ஒரே ஆள் கூலி. சின்ன வயதில் இது எனக்கு விளங்கவே இல்லை. அப்பாவிடம் கேட்டால், "மிளகு நம்மது, காபி சர்க்காருது" என்பார்.

அப்பா ஒரு நீளக் கணக்கு நோட்டு வைத்திருந்தார், இன்னும் என்னிடம் இருக்கிறது. மிளகுப் பக்கத்தில் தேதி, எடை, விலை, தொகை, நான்கும் ஒரே நாளில் ஒரே மையில் எழுதியிருக்கும். காபிப் பக்கத்தில் எடை இருக்கும், விலைக் கட்டம் காலியாக இருக்கும். பொதுக் கையிருப்பில் போடும்போது விலை தெரியாது. தரத்துக்குத் தகுந்த புள்ளி போட்டு, வாரியம் ஏலத்திலும் ஏற்றுமதியிலும் விற்க விற்கத் தவணை தவணையாகப் பணம் வரும். அதனால் ஒரு வருடத்துக் காபிக்கு நீல மையில் ஒரு வரி, கறுப்பு மையில் ஒரு வரி, கடைசித் தவணைக்குப் பென்சிலில் ஒரு வரி. என் அக்கா கல்யாணத்துக்கு வரவேண்டிய தவணையை நம்பி அப்பா வட்டிக்கு வாங்கினார். பணம் வந்தது, வராமல் போகவில்லை. ஆனால் அது வருவதற்குள் வட்டி பாதியைத் தின்றுவிட்டது. இதில் எந்த அதிகாரியையும் குறை சொல்ல மாட்டேன். வந்தவர்கள் எல்லாம் மரியாதையானவர்கள், செடிக்கு நோய் வந்தால் தோட்டத்துக்கே வந்து பார்த்துச் சொன்னவர்கள். நல்ல மனிதர்கள் நடத்தினாலும், வாங்குகிறவன் ஒருத்தன்தான் என்றால் விற்கிறவன் கதி அப்படித்தான் இருக்கும். இன்னொன்று, பழுத்த காபிப் பழத்தை மட்டும் பொறுக்கிப் பறித்து, தோல் உரிக்கும் பல்பர் மெஷினில் போட்டு, கழுவிக் களத்தில் காயவைத்து அனுப்பினால் நல்ல புள்ளி கிடைக்கும், சரி. ஆனால் பெரிய குவியலில் கலந்த பிறகு ஏற்காடு எது, குடகு எது? எங்கள் ஊர்க் காபிக்கு என்று ஒரு பெயரே இல்லாமல் இரண்டு தலைமுறை போய்விட்டது.

வெளிநாட்டில் எங்கள் பெரிய வாடிக்கையாளர் யார் தெரியுமா? சோவியத் யூனியன். ரூபாய்க் கணக்கிலேயே வாங்கிக்கொள்வார்கள், தரத்தை ரொம்ப நோண்ட மாட்டார்கள். 1989-ல் உலகக் காபி ஒப்பந்தத்தில் நாட்டுக்கு இவ்வளவு என்று வைத்திருந்த ஏற்றுமதி ஒதுக்கீடு குலைந்தது, 1991-ல் சோவியத்தே இல்லாமல் போனது. அப்புறம்தான் இங்கே பிடி தளர்ந்தது. முதலில் 30 சதவீதம் நீங்களே விற்றுக்கொள்ளலாம் என்றார்கள், பிறகு 50 என்றார்கள், 1996-ல் பொதுக் கையிருப்பு முழுசாகப் போனது. நடுவில் 1994-ல் பிரேசிலில் உறைபனி அடித்து உலக விலை எகிறியது. முதல்முறையாக ஒரு வியாபாரி எங்கள் களத்துக்கே வந்து விலை சொன்னபோது, அப்பா பதில் சொல்லத் தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார். காபிக்குப் பேரம் பேசி அவருக்குப் பழக்கமே இல்லை.

சந்தை வந்தது, எல்லாம் சுகம் என்று முதல் கடிதக்காரர் சந்தோஷப்பட வேண்டாம். 2001 வாக்கில் விலை பாதாளத்துக்குப் போனது. பறிப்புக் கூலிக்கே கட்டாமல் பழத்தைச் செடியிலேயே விட்டவர்களை எனக்குத் தெரியும். அதற்கு ஒரு பெரிய காரணம் வியட்நாம். கம்யூனிஸ்டுக் கட்சி ஆளும் நாடு அது! 1986-ல் தங்கள் கொள்கையை மாற்றி, கூட்டுப்பண்ணையைத் தளர்த்தி, நிலத்தைக் குடும்பங்கள் கையில் பயிரிட விட்டார்கள். பத்துப் பதினைந்து வருடத்தில் உலகத்திலேயே பிரேசிலுக்கு அடுத்து அதிகக் காபி விளைவிப்பவர்கள் அவர்கள்தான் என்று ஆனது. அந்த விவசாயியின் கட்டை அவிழ்த்துவிட்டது ஒரு கம்யூனிஸ்டு அரசு, அடி விழுந்தது ஏற்காட்டில் எனக்கு. இதை எந்தக் கட்சிக் கணக்கில் எழுதுவது?

இரண்டாவது கடிதக்காரருக்கு ஒரு வார்த்தை. 1932-33-ல் அன்றைய சோவியத்தில் இருந்த உக்ரைனிலும் 1959 முதல் 61 வரை சீனாவிலும் லட்சக்கணக்கில் அல்ல, கோடிக்கணக்கு என்று சொல்லும் அளவுக்குச் சனம் செத்தது கட்டுக்கதை அல்ல. விளைந்ததை இவ்வளவு கொடு என்று வாரிக்கொண்டு போனார்கள். பசித்த குடியானவன் வேறு ஊருக்குப் பிழைக்கப் போகவும் 1933-ல் தடை போட்டார்கள். சீனாவிலோ அந்தச் சமயம் மகசூல் அமோகம் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. எங்கள் பொதுக் கையிருப்புக்கும் அதற்கும் உள்ள வித்தியாசமே இதுதான் என்று நினைக்கிறேன்: எங்களால் கத்த முடிந்தது. தோட்டக்காரர் சங்கங்கள் மனு கொடுத்தன, டெல்லிக்குப் போய் உட்கார்ந்தன, பத்திரிகையில் எழுதின, யாரும் உள்ளே போகவில்லை. வியட்நாமில் இன்றைக்கும் தனியார் பத்திரிகை கிடையாது. காபியை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம், அரசைத் திட்டி ஒரு கடிதம் போட முடியாது.

அதற்காக நம் ஊர் யோக்கியம் என்றும் சொல்லிவிட முடியாது. 1950 பிப்ரவரி 11, சேலம் மத்திய சிறை. கம்பிக்குள் இருந்த கம்யூனிஸ்டுக் கைதிகள் மீது துப்பாக்கிச் சூடு, 22 பேர் செத்தார்கள், பெரும்பாலும் மலபார் விவசாயிகள். குடியரசு பிறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதே வருடம் கேரளத்துக் கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ.கே. கோபாலனை விசாரணை இல்லாமல் தடுப்புக் காவலில் வைத்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூடி ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தபோது, அவர்களைக் கூட்டுறவாகச் சேர்த்துக் கடையைக் கையில் எடுக்க வைத்ததும் இதே ஏ.கே.ஜி.தான், 1957-ல் ஆரம்பித்தது அது. கம்யூனிஸ்டுத் தலைவர் ஒருவர் அரசாங்கக் கடையை அரசாங்கத்திடமிருந்து பிரித்துத் தொழிலாளி கையில் கொடுத்தார். அரசாங்கமும் கம்யூனிசமும் ஒன்று என்று சொல்கிறவர்கள் இதை எங்கே வைப்பார்கள் என்று தெரியவில்லை.

முதல் கடிதக்காரர் ராஜாஜியைத் துணைக்கு அழைக்கிறார். ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர், 1952-ல் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தவர், சுதந்திராக் கட்சி கண்டவர், எல்லாம் சரி. 1937-ல் மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்ததும் அவரேதான், அதுவும் நம் சேலம் மாவட்டத்தில்தான். இன்றைக்குச் சில்லறையில் மது விற்கும் உரிமை அரசாங்கம் ஒருத்தருக்குத்தான், 2003-லிருந்து. அதைக் கம்யூனிசம் என்று ஒருவரும் கடிதம் எழுதக் காணோம்.

நான் இப்போது மலைக்கு வரும் வியாபாரியிடம்தான் போடுகிறேன். சில வருடம் முன்னால் ஒருத்தர் எடையில் கை வைத்தார், மூட்டைக்கு ஒரு கிலோவுக்கு மேல். அடுத்த வருடம் அவருக்குப் போடவில்லை, அவ்வளவுதான். அப்பாவால் அது முடியாது. உருக்காலையை விற்கலாமா கூடாதா என்று இரண்டு பேரும் அடித்துக்கொள்வதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, இரும்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அங்கே வேலை பார்க்கிறவர்கள் யாராவது எழுதினால் போடுங்கள், படிக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு காபி விவசாயி,
ஏற்காடு.