முதலில் ஈரம், பிறகு நிறம்

ஆசிரியருக்கு வணக்கம்.

இளவேனில் பிறந்தால் வீட்டைப் புதுப்பிக்கும் யோசனைகள் நாளிதழ்களில் வரத் தொடங்கிவிடும். எந்த அறைக்கு எந்த நிறம் என்பதுதான் அவற்றில் பெரும்பகுதி. ஆனால் அடித்த பெயின்ட் ஓராண்டுக்குள் உரிந்தால், பெரும்பாலும் பழி பெயின்ட்டின் மேல் இல்லை, ஈரம் காயாத சுவரின் மேல்தான். இந்தப் பருவத்தின் வெயில் சுவரைக் காயவைக்கத் தோதானது. அதை முதலில் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

சோதிப்பது எளிது. 45 செ.மீ. சதுரப் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி டேப் ஒட்டி, 24 மணி நேரம் விடுங்கள். சுவரைத் தொடும் பக்கம் நீர்த்துளி அரும்பினால் ஈரம் உள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் அரும்பினால் காற்றோட்டம் போதவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து உதிர்த்து அள்ளுங்கள்.

ஈரத்தின் ஊற்று பல வீடுகளில் மொட்டை மாடிதான். ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, வடிந்தபின் எங்கே தேங்குகிறது என்று சாக்பீஸால் வட்டமிடுங்கள். 3 மீட்டருக்கு 3 செ.மீ. சரிவாவது வேண்டும். சரிவு இல்லாத தளத்தில் எத்தனை விலை கொடுத்து நீர்த்தடுப்புப் பூச்சு வாங்கினாலும் பயனில்லை. தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலைதான் முதலில் விரியும். அதைச் செங்கோணமாக விடாமல் கலவையால் வளைவாக மெழுகி, பூச்சைச் சுவரில் 15 செ.மீ. உயரத்துக்கு ஏற்றுங்கள். இரண்டு கை, அதாவது இரண்டு முறை, அடிக்க வேண்டும்; முதல் கை நீளவாட்டில் என்றால் இரண்டாவது குறுக்குவாட்டில். உச்சி வெயிலில் அடித்தால் மேலே ஆடை கட்டி, அடியில் அடைபட்ட ஈரம் கொப்புளமாகக் கிளம்பும்.

விரிசலுக்கு உடனே பட்டி (சுவரைச் சமப்படுத்தும் பசை) வைத்து மூடும் பழக்கம் தவறு. இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். சில வாரங்களில் கோட்டைத் தாண்டியிருந்தால் அது அசையும் விரிசல். பொறியாளரைக் கூப்பிட வேண்டும். நகராத மயிரிழை விரிசலை 'வி' வடிவில் கீறி, தூசி தட்டி, நெகிழும் அக்ரிலிக் நிரப்பியால் அடைக்கலாம். புதிதாகப் பூசிய சிமென்ட் என்றால் 28 நாள் பொறுங்கள். பட்டியை உப்புத்தாளால் தேய்த்தபின் உதிரும் மாவை ஈரத்துணியால் துடைக்காமல் பிரைமர் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்தால், பிரைமர் பிடிப்பது சுவரை அல்ல, மாவைத்தான். பழைய எனாமல் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்க்கவே கூடாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் நிச்சயமாகக் கூடாது.

மழைக்காலத்தில் இறுகிய கதவை அப்போதே இழைப்பவர்கள், மரம் காய்ந்ததும் இடைவெளியைப் பார்த்து வருந்துவார்கள். இப்போது இழையுங்கள். இழைத்தபின் கதவைக் கழற்றி அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள்: பெரும்பாலும் பெயின்ட்டே படாமல் சொரசொரவென்று இருக்கும். தரையைத் துடைக்கும் தண்ணீர் ஏறுவது அந்த வழியாகத்தான். கதவின் அடிப்பக்கத்துக்கும் மேல்பக்கத்துக்கும் இரண்டு கை பெயின்ட் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள்.

இப்படிக்கு,
கட்டடப் பராமரிப்புப் பொறியாளர் ஒருவர்