ஸ்கேன் ரிப்போர்ட் பார்த்தேன் பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஸ்கேன் ரிப்போர்ட்டை வரி விடாமல் படித்தேன். 3 செ.மீ. ஃபைப்ராய்டு (கருப்பைத் தசையில் வளரும் கட்டி), கருப்பையின் பின்சுவரில் அடினோமயோசிஸ், இடது சினைப்பையில் சாக்லேட் கட்டி (பழைய ரத்தம் தேங்கிய கட்டி). குழந்தைக்கு முயற்சி செய்யும் நேரத்தில் மூன்றையும் ஒரே தாளில் பார்த்தால் யாருக்கும் வயிறு கலங்கும். ஆனால் இவை சேர்ந்து வருவது புதிதல்ல. பிரசவ வார்டில் வேலை பார்த்த காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உன் அத்தை பயப்படுவது ஃபைப்ராய்டுக்கு. எனக்கு அதில்தான் கவலை குறைவு. அது கருப்பையின் வெளிப்பக்கம் இருக்கிறது. அங்கே உள்ள சின்னக் கட்டி கரு தங்குவதைப் பெரும்பாலும் தடுக்காது. உள்ளறைக்குள் துருத்திக்கொண்டிருந்தால் கதை வேறு. சிறியதாக இருந்தாலும் கரு ஒட்ட இடைஞ்சல். அப்போது வயிற்றைக் கிழிக்காமல் ஹிஸ்டரோஸ்கோபி வழியாகவே, அதாவது கருப்பை வாய் வழியே கேமரா குழாய் விட்டு, எடுப்பார்கள். அதனால் இனி எந்த டாக்டரிடம் போனாலும் கட்டி எவ்வளவு பெரிசு என்பதோடு விடாதே, எங்கே இருக்கிறது என்றும் கேள்.

அடினோமயோசிஸ் என்பது கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு தசைக்குள் புகுந்துகொள்வது. மாதாமாதம் உனக்கு அவ்வளவு உதிரம் போவதற்கு அது காரணமாக இருக்கலாம். கரு தங்குவது கொஞ்சம் சிரமம், கலையும் வாய்ப்பும் கூடுதல்தான். ஆனாலும் பிள்ளை பெற்றவர்கள் நிறைய.

நான் யோசிப்பது சாக்லேட் கட்டியைப் பற்றி. அது எண்டோமெட்ரியோசிஸ். அதே மாதிரி திசு கருப்பைக்கு வெளியே வளர்ந்து, சினைப்பையையும் கருக்குழாயையும் ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடலாம். குழாய் வளைந்தாலோ அடைத்தாலோ முட்டை வந்து சேராது. கட்டியை உடனே லேப்ராஸ்கோபியில் (வயிற்றில் சின்னத் துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன்) எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் சட்டென்று தலையாட்டாதே. கட்டியை உரிக்கும்போது நல்ல முட்டைகளும் கொஞ்சம் போய்விடலாம். முதலில் ஏ.எம்.ஹெச். ரத்தப் பரிசோதனை செய்து முட்டை இருப்பைப் பார்க்கட்டும். குழந்தைக்கு முயற்சி செய்கிறாய் என்பதையும் சொல்லிவிடு. வலிக்குத் தரும் டைனோஜெஸ்ட் மாதிரி ஹார்மோன் மாத்திரை சாப்பிடும்வரை பெரும்பாலும் முட்டை வெளிவராது, கரு தங்குவது கஷ்டம்.

மாப்பிள்ளைக்கும் விந்துப் பரிசோதனை எடுக்கச் சொல். எளிதான பரிசோதனை, ஆனால் எல்லோரும் அதைத்தான் தள்ளிப்போடுகிறார்கள்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை நாளில் சுருண்டு படுத்துக்கொண்டு, வெந்நீர்ப் பையை இறுக்கிப் பிடித்திருந்தாயே, அந்த வலியையும் டாக்டரிடம் சொல். ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். கர்ப்ப காலத்தில் அடங்கின வலி பிறகு திரும்பி வரலாம், அது வைத்தியம் ஆகாது. உனக்கு 33 வயது. எண்டோமெட்ரியோசிஸ் இருப்பது தெரிந்த பிறகு, இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே.

பழைய ஸ்கேன்களையும் எடுத்து வை. டாக்டர் எந்த நாள் கொடுக்கிறார் என்று போன் பண்ணு, நான் முதல் நாளே கிளம்பி வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா